ஒன்பது படகுகளில் ஒரு மீன்

"மாமா, நான் ஒரே ஒரு மீன்தானே வரைஞ்சேன். அது எப்படி ஒன்பது படகுல இருக்கு?"

ஏழு வயதுப் பெண் பிள்ளை கேட்ட கேள்வி இது. படகுத்துறையில் கவிழ்த்துப் போட்ட மீன்கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பதில் தெரிந்தவர்கள் அங்கே நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். தெரியாதவன் நான் ஒருவன்தான். பரிசோதனை அதிகாரியும் நான்தான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சிறிய மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகுமுன் அவற்றில் பாதுகாப்புச் சாமான்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. என்னிடம் பதினோரு இனங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஆளுக்கொரு மிதவை ஜாக்கெட், கயிறு கட்டிய மிதவை வளையம், ஆபத்தில் கொளுத்தும் சிவப்பு வெளிச்சக் குச்சி, டார்ச் விளக்கு, தண்ணீர் இறைக்கும் வாளி, துடுப்பு, முதலுதவிப் பெட்டி என்று போகும். பன்னிரண்டு வருடமாக அந்தப் பட்டியலோடுதான் என் வாழ்க்கை. காலையில் கடவுளைத் தொழும்போதுகூடச் சில நாள் வேண்டுதல்களைப் பட்டியலாகத்தான் சொல்லியிருக்கிறேன். கடலுக்குள் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் உடனே பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவேன். ஒரு தடவையும் போனதில்லை.

அன்று பருவம் தொடங்கும் முன் நடக்கும் பரிசோதனை. இருபத்து மூன்று படகுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஒவ்வொரு படகிலும் இரண்டு ஆள், இரண்டு ஜாக்கெட். ஒன்பது படகு முடித்துப் பதினெட்டு ஜாக்கெட் எண்ணியிருந்தேன். என் பின்னால் ஒருவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுகப் போய்க்கொண்டே இருந்தார். "கொஞ்சம் வழி விடுங்க சார், ஐஸ் உருகுது" என்பார். நானும் ஒதுங்கி நிற்பேன். ஒன்பது தடவை ஒதுங்கினேன். ஒரு தடவை அந்தப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியும் கொடுத்தேன். ஐஸ் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை இரண்டே ஜாக்கெட்டுகள். நான் ஒரு படகில் இரண்டையும் பார்த்துவிட்டுப் படிவத்தில் குறித்து நிமிர்வதற்குள் அதே இரண்டும் அடுத்த படகில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றின் கழுத்துப் பட்டையில் அந்தச் சிறுமி எப்போதோ நீல மையால் ஒரு மீன் வரைந்திருந்தாள். வால் பெரிதாகவும் உடம்பு சிறிதாகவும், கண் வெளியே பிதுங்கியும் இருந்த மீன். ஆர்வமாக எட்டிப் பார்த்திருக்கிறாள், பாவம். தன் மீன் குட்டி போட்டுவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்தப் பொண்ணு யாரோட பொண்ணு?" என்று கேட்டேன்.

கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். ஒல்லியான உடம்பு, நரை விழுந்த மீசை. துறையில் எல்லோரும் அவரை 'இந்தா' என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது அவருக்கு. நூல் கேட்டால், கத்தி கேட்டால், பாதி குடித்த டீயைக் கேட்டால்கூட "இந்தா" என்று நீட்டிவிடுவார். அந்தப் பேச்சே பெயராகிவிட்டது.

"என் பொண்ணுதான் சார். ஜாக்கெட்டும் என்னுதுதான்."

"ஒன்பது படகுக்கும் உங்க ஜாக்கெட்டா?"

"ஆமா சார், ரெண்டும் என்னுதுதான். கேட்டாங்க... குடுத்தேன்."

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

"அவரு அப்படித்தான் சார்" என்றார் ஐஸ் பெட்டிக்காரர். இந்தாவின் மனைவியின் தம்பி அவர், படகிலும் அவருக்குத் துணை. "எங்க அக்காவை மட்டும்தான் இன்னும் யாரும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதனாலேயே கோபமும் வந்தது. ஏமாந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்போலிருக்கிறது. எல்லோரையும் ஒரே நேரத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். நாற்பத்தாறு பேரில் பதினொரு பேர் நின்றார்கள். இத்தனை வருடமும் இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

"ஒரு மாசம் டைம் குடுங்க சார். எல்லாரும் வாங்கிடுவாங்க" என்றார் இந்தா. தனக்காகக் கேட்கவில்லை. அவரிடம்தான் இரண்டு இருந்ததே.

நான் சரியென்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அவமானப்பட்டவன் சும்மா இருப்பானா? மார்பை நிமிர்த்தி, "ஜாக்கெட் வாங்கினா போதாது. அதைக் கடல்ல எப்படிப் பயன்படுத்தணும்னு நானே வந்து சொல்லிக் குடுப்பேன். திங்கட்கிழமை முதல் படகு உங்களோடது" என்று இந்தாவைப் பார்த்துச் சொன்னேன்.

"வாங்க சார்" என்றார் அவர் சந்தோஷமாக.

மைத்துனர் மட்டும் என் பளபளக்கும் செருப்பை ஒரு முறை பார்த்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் அலுவலக ஜாக்கெட்டோடு போய் இறங்கினேன். புத்தம் புதியது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. கரையைத் தாண்டும்வரை மடியில் வைத்திருந்தேன். பிறகு குறுக்குப் பலகை மிகவும் கடினமாக இருந்தது. அலைக்கு அலை முதுகெலும்பு வழியாக மண்டை வரைக்கும் ஒரு அடி விழுந்தது. ஜாக்கெட்டை மெல்ல நகர்த்திப் பலகையின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். மெத்தென்று இருந்தது.

இந்தாவும் மைத்துனரும் தங்கள் ஜாக்கெட்டுகளைப் போட்டிருந்தார்கள், எனக்கு மரியாதை செய்வதற்காக. நான் உட்கார்ந்திருந்ததை இருவருமே பார்த்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் கரை ஒரு கோடாகிவிட்டது. பாடத்தைத் தொடங்கலாம் என்று எழுந்தேன்.

"முதல் விஷயம். ஓடுற படகுல யாரும் எழுந்து நிக்கக் கூடாது" என்றேன், நின்றுகொண்டு.

"சரிங்க சார்" என்றார் மைத்துனர், உட்கார்ந்துகொண்டு.

"ரெண்டாவது, யாராவது விழுந்துட்டா இந்த வளையத்தை இப்படி வீசணும்."

வீசினேன். வளையம் அழகாகத்தான் போனது. அதன் கயிறு மட்டும் படகுக்குப் பின்னால் போய் தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் ஒரு கத்து கத்திவிட்டு நின்றது, படகு குலுங்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது, வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

எனக்கு நீந்தத் தெரியாது. இதுவரை சொல்லாமல் வந்ததற்கு மன்னியுங்கள், அலுவலகத்திலும் சொன்னதில்லை. மேலே வந்து பார்த்தபோது என் ஜாக்கெட்டும் என்னோடு விழுந்திருந்தது. ஐந்தாறு முழத்துக்கு அப்பால், என்னைத் திரும்பியும் பார்க்காமல், காற்றோடு போய்க்கொண்டிருந்தது. அது எவ்வளவு நன்றாக மிதக்கும் என்பதற்கு என்னைவிட உறுதியாக யாரும் சாட்சி சொல்ல முடியாது.

மறுபடியும் முழுகினேன். அந்த நேரத்தில் கடவுளை நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நினைத்தது அந்தப் பதினோரு இனங்களை. எட்டாவது இனம் என்ன என்று ஞாபகம் வராமல் தவித்தேன்.

"இந்தாங்க சார்!"

தலைக்குப் பக்கத்தில் ஏதோ வந்து விழுந்தது. கட்டிப் பிடித்தேன். மைத்துனர் துடுப்பை நீட்டினார், இருவருமாக என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். நான் கட்டிப் பிடித்திருந்தது இந்தாவின் ஜாக்கெட். தன் உடம்பிலிருந்து கழற்றி வீசியிருந்தார். குளிரில் எனக்குப் பல் அடித்துக்கொண்டது. அவர் அந்த ஜாக்கெட்டை எனக்கே மாட்டி, குழந்தைக்குப் பொத்தான் போடுவதுபோல் மூன்று கொக்கிகளையும் மாட்டிவிட்டார். "கழட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

எஞ்சினைத் தூக்கிக் கயிற்றை அறுத்தார்கள். ஆனால் விசிறியைப் பிடித்திருக்கும் சின்னப் பின் ஒடிந்துபோயிருந்தது. சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அது இல்லாமல் எஞ்சின் உறுமுமே தவிர, விசிறி சுற்றாது.

"வேற பின் இருக்கா?" என்றேன்.

"உங்க லிஸ்ட்ல இல்லையே சார்" என்றார் மைத்துனர்.

உண்மைதான். வாளி உண்டு, டார்ச் உண்டு, பின் இல்லை. பன்னிரண்டு வருடம் அந்தப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். கடலில் அடிக்கடி என்ன ஒடியும் என்று ஒரு மீனவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. இந்தா துடுப்பைப் போட்டுப் பார்த்தார், அலைதான் ஜெயித்தது. "வெளிச்சக் குச்சியைக் கொளுத்துங்க" என்றேன். கொளுத்தினார். லேசாகப் புகைந்துவிட்டு அணைந்தது. எடுத்துப் பார்த்தால் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் படிவத்தில் 'உண்டு, இல்லை' என்று இரண்டு கட்டம்தான். இரண்டு வருடமும் 'உண்டு' என்று குறித்தவன் யார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் உதவியது ஜாக்கெட்டில் கட்டியிருந்த விசில். நான் எடுத்து ஊதினேன். முதலில் தண்ணீர்தான் கொப்பளித்தது.

"சார், பாட்டா வாசிக்கிறீங்க?" என்றார் மைத்துனர்.

"மச்சான், சும்மா இரு" என்றார் இந்தா. "நல்லா மூச்சு புடிச்சு ஊதுங்க சார். உங்களுக்கு வரும்."

உங்களுக்கு வரும். கடலில் விழுந்து, எஞ்சினையும் கெடுத்தவனிடம் அந்த மனிதர் சொன்ன வார்த்தை இது. ஊதினேன். மூன்று நீளம், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. அது ஒன்றையாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் போலும். அரை மணி நேரத்தில் ஒரு படகு எங்கள் பக்கம் திரும்பியது. இந்தாவின் ஜாக்கெட்டை இரவல் வாங்கிக் காட்டிய ஒன்பது படகுகளில் அதுவும் ஒன்று.

அவர்கள் எங்களைக் கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் என் மேலதிகாரி கைகட்டி நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்தாவிடம் கேட்டார்.

"இவர் விழும்போது ஜாக்கெட் போட்டிருந்தாரா?"

நான் குனிந்து மார்பிலிருந்த கொக்கிகளைப் பார்த்தேன்.

"போட்டிருந்தாரு சார். அதான் பொழச்சாரு" என்றார் இந்தா.

"உன் ஜாக்கெட் எங்கப்பா?"

"கழட்டி வச்சேன் சார். எங்கேயோ போயிடுச்சு."

"இவ்வளவு சொல்லியும் உங்களுக்கெல்லாம் புத்தி வராது" என்று அவரைத் திட்டினார் அதிகாரி. இந்தா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதிகாரி என்னை அப்படியே நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அந்த இரண்டு நாளில் எனக்கு ஒரு விந்தை நடந்தது. நான் ஜாக்கெட் போட்டுத்தான் இருந்தேன் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "கொக்கி மூணும் போட்டிருந்தேன், அதான்" என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. பொய்யை இன்னொருவர் நமக்காகச் சொல்லிவிட்டால், நாக்கில் கசப்புத் தெரிவதே இல்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணி இருக்கும். குளியலறையில் உப்புப் போக ஜாக்கெட்டை அலசிக்கொண்டிருந்த என் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, உங்க ஆபீஸ் ஜாக்கெட்ல யாரு மீன் வரைஞ்சது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். கழுத்துப் பட்டையில் பெரிய வாலும் பிதுங்கிய கண்ணுமாக அது என்னைப் பார்த்தது.

முழுவதையும் மனைவியிடம் சொன்னேன். பலகையில் போட்டு உட்கார்ந்தது வரை சொன்னேன். அவள் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ அந்த மனுஷன் இந்த மூணு நாளா எதைப் போட்டுக்கிட்டுப் போறாரு?"

ஈர ஜாக்கெட்டை ஒரு துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். அவர் என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். கேட்டால் நான் போட்டிருந்தது யாருடையது என்று வெளியே தெரிந்துவிடும். எனக்காகச் சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்ற, மூன்று நாளாக ஜாக்கெட் இல்லாமல் கடலுக்குப் போயிருக்கிறார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கொக்கிக் கதை சொல்லியிருக்கிறேன்.

துறையில் காற்று பலமாக இருந்தது. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டிருந்தன. இந்தாவின் இடம் காலியாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் என் படம் ஒட்டியிருந்தது. நனைந்த எலிபோல் நான், கீழே பெரிய எழுத்தில், 'ஜாக்கெட் அணிந்தார், உயிர் பிழைத்தார்.'

அந்தப் படத்துக்கு முன்னால் சிறுமி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை நீட்டினாள்.

"மாமா, உங்க கழுத்துல என் மீன்!"

அக்கம்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். "ஆமாம்மா. உன் மீன்தான். இன்னைக்கு உன் அப்பாகிட்ட வந்துடும்."

"அப்பா இன்னைக்கு மீன் இல்லாமத்தான் போனாரு. அம்மா திட்டுச்சு."

"எப்போ வருவாரு?"

"எப்பவும் இந்நேரம் வந்துடுவாரு" என்றாள் அவள், கடலைப் பார்த்துக்கொண்டே.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் ஒவ்வொன்றையும் தூரத்திலேயே பார்த்து, "இது இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பையை மார்போடு அணைத்தபடி வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை பட்டியல் இல்லை. ஒரே ஒரு இனம்தான்.

"அதோ!" என்றாள்.

படகு வந்தது. முன்னால் மைத்துனர் ஜாக்கெட்டோடு, பின்னால் எஞ்சின் பிடித்தபடி இந்தா வெறும் சட்டையோடு. நனைந்து, உதடு வெளுத்து, ஆனால் முழுசாக. சிறுமி ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். நான் கவிழ்ந்து கிடந்த ஒரு கூடையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உடம்பு எப்படி இருக்கு சார்?" என்றார் அவர் என்னைப் பார்த்து. கண் என் பையின் மேல் போனது. நான் பையைத் திறக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். இந்தா மிக லேசாகத் தலையை ஆட்டினார். இப்போது வேண்டாம் என்று அர்த்தம். அப்போதும் என் மானத்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

"நல்லா இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கூடைகளை எடை போடும் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். சிறுமியும் போனாள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு படிவம் எழுதினேன். 'அலுவலக ஜாக்கெட் ஒன்று கடலில் போய்விட்டது. விழும்போது நான் அதை அணிந்திருக்கவில்லை. மீனவர் மேல் தவறில்லை, எனக்கு ஏச்சு விழக்கூடாதென்று இரக்கப்பட்டு மாற்றிச் சொன்னார்.' அதை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். வெளியே வந்து அறிவிப்புப் பலகையிலிருந்த படத்தைக் கிழித்துவிட்டேன். என் பட்டியலின் அடியில் பேனாவால் பன்னிரண்டாவதாக ஓர் இனம் சேர்த்தேன்: விசிறிப் பின், உபரி இரண்டு. எஞ்சின் கடையில் அந்தப் பின்களையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குத் துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. இந்தாவின் படகு கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அங்கே முழங்கால் ஆழத் தண்ணீர்தான். ஆனாலும் பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று கொக்கியும் மாட்டி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இதை யாரும் பார்க்காததற்குக் கடவுளுக்கு நன்றி.

உள்ளே உட்கார்ந்து கழற்றினேன். விசில் கயிறு தளர்ந்திருந்தது, இறுக்கி முடிச்சுப் போட்டேன். பின்கள் இரண்டையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எஞ்சின் பக்கத்தில் வைத்தேன். ஜாக்கெட்டை அவர் உட்காரும் பின்பலகைக்குக் கீழே, கை நீட்டினால் எட்டும்படி, மீன் மேலே தெரியும்படி மடித்து வைத்தேன்.

கரை ஏறுமுன் காலிப் பலகையைப் பார்த்து, வாய்விட்டே சொன்னேன்.

"இந்தாங்க."